கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்: விண்கலம் முழுதாக வந்திருக்கிறது, தரைதான் வரவில்லை

நெகிழிக் கட்டைகளைக் கோத்து உருவங்கள் கட்டும் விளையாட்டுப் பொருட்களைச் செய்யும் லெகோ நிறுவனம் தன் 90ஆம் ஆண்டை முன்னிட்டு 2022இல் வெளியிட்ட கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் என்னும் விண்கலத் தொகுப்பை வாங்கிக் கட்டி, ஓராண்டுக்கும் மேலாக வீட்டில் வைத்துப் புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன். 1979இல் வெளிவந்து சில ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்துபோன அதே பெயருள்ள விளையாட்டுப் பொருளைப் பெரிதாக்கி, இன்றைய கட்டுமான முறைகளுக்கு ஏற்றபடி மறுபடியும் செய்திருக்கிறார்கள். பழையதை நான் கையால் தொட்டதில்லை. எட்டு வயதில் அச்சடித்த தாள் ஒன்றில் அதன் படத்தைப் பார்த்தேன்; அந்தப் படம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் என்னோடு இருந்தது.

எங்கள் ஊர் சூலூர்பேட்டை. தமிழ்நாட்டு எல்லையான ஆரம்பாக்கத்தைத் தாண்டி, தடா வழியாக நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் வரும் ஆந்திர ஊர் இது. வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்கும் பேசி வளர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கிருந்து கிழக்கே, பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் போல் போனால் ஸ்ரீஹரிகோட்டா. ஊரில் யாரும் ஏவுதளத்தை அதன் முழுப் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'ஷார்' என்றால் எல்லோருக்கும் புரியும். அப்பா ஷாரில் கிடங்குப் பிரிவில் வேலை பார்த்தார். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்பது கதையாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அது காலையில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் இரவில் களைப்போடு திருப்பி அனுப்பும் வேலை.

1980 ஜூலை 18ஆம் தேதி காலை 8 மணி 3 நிமிடத்துக்கு எஸ்.எல்.வி.-3 கிளம்பியபோது எனக்கு ஏழு வயது. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது என்பதெல்லாம் பிறகு பள்ளியில் படித்தவை. அன்று நான் பார்த்தது, கிழக்கே பனைமரங்களுக்கு மேல் எழுந்த ஒரு வெளிச்சப் புள்ளியும் அதன் பின்னால் நீண்ட வெள்ளைக் கோடும்தான். சத்தம் உடனே வரவில்லை. பதினெட்டு கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஐம்பது விநாடிக்கு மேல் பிடிக்கும். வெளிச்சம் பாதி வானத்துக்குப் போன பிறகு, எங்கோ தகரக் கூரையின் மேல் கருங்கல் உருளுவதுபோல அந்த முழக்கம் வந்து சேர்ந்தது. பாட்டி செங்காளம்மன் கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பி நின்றாள். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கிளம்பிய முதல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்திருந்தது, அந்த நாளில் அப்பா சாப்பிடாமல் படுத்ததை அம்மா மறக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமா, எனக்கென்று உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சின்னச் சாம்பல் நிற ஊர்தியும் சிவப்பு உடை அணிந்த ஓர் ஆளும் இருந்தார்கள். ஆளின் மார்பில் தங்க நிறக் கோளம் ஒன்றைச் சுற்றிச் சிவப்பு விண்கலம் வளைந்து போகும் சின்னம் அச்சிடப்பட்டிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றலாம், முதுகில் காற்று உருளையை மாட்டலாம், கால்களை மடக்கி ஊர்தியில் உட்கார வைக்கலாம். முகத்தில் இரண்டு புள்ளிக் கண்களும் ஒரு புன்னகையும். அந்த ஆளை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன். கணக்கு வகுப்பில் கட்டைவிரல் அவன் மார்பையே தேய்த்துக்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் தங்கக் கோளம் பாதி போய்விட்டது. தாடைக்குக் கீழே வளையும் தலைக்கவசத்தின் மெல்லிய பகுதியை நான் பல்லால் கடித்துக் கடித்தே உடைத்தேன்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில்தான் அந்தப் பெரிய விண்கலத்தின் படம் இருந்தது. நீலமும் சாம்பலும் கலந்த உடல், முன்னால் ஒளி ஊடுருவும் மஞ்சள் கண்ணாடி, பின்னால் திறக்கும் கதவுகள், கதவுக்குள் ஒரு சிறு ஊர்தி, சுற்றிலும் சிவப்பில் இருவர், வெள்ளையில் இருவர். விண்கலம் நின்றிருந்தது வெறும் மேசையின் மேல் அல்ல. பள்ளங்களோடு வார்த்த நிலவுத் தரைப் பலகை ஒன்றும், இறங்குதளம் வரைந்த தட்டைப் பலகை ஒன்றும், அலைவாங்கி வைத்த ஒரு சிறு கட்டுப்பாட்டு அறையும் அங்கே இருந்தன. "பெரிசு வாங்கணும்னுதான் மாப்ளே கடைக்குப் போனேன், கையில காசு பத்தல" என்று மாமா சொன்னார். அப்பா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருடைய விரல் விண்கலத்தின் மேல் வைக்கப்படவில்லை. மூலையில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் மேல்தான் நின்றது. "இது பாரு, நம்ம ரேடார் ஸ்டேஷன் மாதிரியே பண்ணியிருக்கான்" என்றார். அடுத்த கோடை விடுமுறையில் அவர் என்னைப் பாசஞ்சர் ரயிலில் சென்னைக்கு அழைத்துப்போய், பர்மா பஜாரில் கடைகடையாக அந்தத் தாளைக் காட்டிக் கேட்டார். டேப்ரிகார்டரும் கைக்கடிகாரமும் குடையும் குவிந்து கிடந்த அந்த வரிசையில் யாரிடமும் அது இல்லை. திரும்பும் வழியில் நீர்மோர் வாங்கிக் கொடுத்தார்.

இந்த விளையாட்டு வரிசையின் வரலாறு தெரிந்தால்தான் 2022இல் என்ன திரும்பி வந்தது, என்ன வரவில்லை என்பது விளங்கும். டென்மார்க்கின் பில்லுண்டு ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது லெகோ. மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமை விண்ணப்பித்தார்கள். கை கால் அசையும் சிறு மனித உருவம் 1978இல் வந்தது. விண்வெளி வரிசையும் அதே ஆண்டில்தான் வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்த முதன்மையான வடிவமைப்பாளர் யென்ஸ் நூகார்ட் க்னுட்சென். அவர் 2020 பிப்ரவரியில் காலமானார். முதலில் சிவப்பு, வெள்ளை உடைகளில் மட்டும் இருந்த விண்வெளி வீரர்களோடு 1979இல் மஞ்சளும், 1984இல் நீலமும் கறுப்பும் சேர்ந்தன.

அந்த முதல் பத்தாண்டில் எதிரி என்று ஒருவரும் இல்லை என்பதை நான் மிகப் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். எவர் கையிலும் துப்பாக்கி இல்லை. அவர்கள் மண்ணைத் தோண்டினார்கள், பாறையை ஏற்றினார்கள், அலைவாங்கியைத் திருப்பினார்கள், பழுதான ஊர்தியை இழுத்துவந்தார்கள். ஐந்து நிற உடைகளிலும் மார்பில் ஒரே சின்னம்தான். 1987இல் ஃபியூச்சரான் என்ற புதிய வரிசை வந்தது. கூடவே கறுப்பும் மஞ்சளுமாய் பிளாக்ட்ரான் கூட்டமும் வந்தது. அதைத் துரத்த 1989இல் விண்வெளிக் காவல்படை வந்தது. அதன்பின் காந்தம் வைத்துத் தூக்கும் எம்-ட்ரான், பனிக்கோள்காரர்கள், வேற்றுக்கிரகவாசிகள், பூச்சி வடிவக் கலங்கள் என்று ஒவ்வோர் அணியும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து நிறுத்தப்பட்டது. 1999இல் ஸ்டார் வார்ஸ் உரிமத்தோடு தொகுப்புகள் வரத் தொடங்கிய பிறகு, விண்வெளி என்றால் அந்தக் கதையின் விண்வெளி என்றே பெருமளவு ஆயிற்று. இவற்றில் பலவற்றை இன்றும் தேடிச் சேகரிப்பவர்கள் உண்டு. எம்-ட்ரானின் காந்தப் பெட்டிகள் அழகானவை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் வேலைக்குப் போகிறவர்களின் விண்வெளி 1987ஓடு முடிந்தது. ஏரியைத் தாண்டி வேலைக்குப் போகிற அப்பாக்களின் ஊரில் வளர்ந்த எனக்கு, அந்தப் பழைய வரிசை ஒன்றுதான் உண்மையான விண்வெளியாகத் தெரிந்தது.

இனி கையில் உள்ள பொருளுக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அத்தை மகன், துணிகளுக்கு நடுவே பொதிந்து இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். அப்போது அங்கே அதன் விலை 99 டாலர் 99 சென்ட். எண் 10497. பழைய விண்கலம் ஐரோப்பாவில் 928 என்றும் அமெரிக்காவில் 497 என்றும் விற்கப்பட்டது. புதிய எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் அதைத்தான் குறிக்கின்றன. பழையதில் 338 துண்டுகள் இருந்தன, புதியதில் 1,254. நீளம் 52 சென்டிமீட்டர். எல்லா அளவுகளையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆக்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றரை மடங்குக்குக் காரணம், குழந்தையின் கையில் பழைய விண்கலம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ அவ்வளவு பெரிதாக இது பெரியவரின் கையில் தெரிய வேண்டும் என்பதே. அந்தக் கணக்கு சரியாகப் பலித்திருக்கிறது. முடித்த விண்கலத்தை முதன்முதலாகத் தூக்கியபோது, தாளில் பார்த்து மனத்துக்குள் தூக்கிய அதே கனம் கையில் இருந்தது.

நானும் பன்னிரண்டு வயது மகளும் மூன்று மாலைகளில் கட்டி முடித்தோம். தரையில் பாய் விரித்து, எவர்சில்வர் தட்டுகளில் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டோம். முதல் மாலை முழுவதும் சலிப்பில்லாத கட்டுமானம்: உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டம் எழுந்து, அதன் பக்கங்களில் குமிழ்கள் வெளிப்புறம் பார்க்கும்படி வைத்த கட்டைகளில் நீலப் பலகைகள் வந்து ஒட்டுகின்றன. பழைய விண்கலத்தில் எல்லாத் துண்டுகளும் கீழிருந்து மேலாகவே அடுக்கப்பட்டிருந்தன. இதில் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் கட்டுகிறோம். ஆயினும் முடிந்த உருவம் பழைய படத்திலிருந்து விலகவில்லை. இறக்கையின் சரிவும், மூக்கின் கூர்மையும், பின்புறத்து எந்திரங்களின் வரிசையும் நினைவில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இறக்கைகள் மட்டும் இருபுறமும் ஒரே மாதிரி என்பதால், இரண்டாவதைக் கட்டும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தும் முன் மகள் அதைக் கண்ணுக்கு முன்னால் வைத்து சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "அப்பா, எல்லாம் சாயங்காலம் மாதிரி இருக்கு" என்றாள். நானும் வாங்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் நெல் வைக்கோல் நிறத்தில் இருந்தது. சாம்பல், நீலம், இந்த மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவையை வேறெந்த விளையாட்டுப் பொருளிலும் நான் கண்டதில்லை. இதில் ஒரு சிறு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். 2004 வாக்கில் நிறுவனம் தன் சாம்பல் நிறத்தைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றியது. ஆகவே புதிய விண்கலத்தின் சாம்பல் பழையதைவிடக் குளிர்ச்சியாகத் தெரிகிறது. என் பழைய ஊர்தியின் கட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் அவை ஈரமண் கலந்த சிமெண்டுபோலத் தெரிகின்றன. வெயில் பட்டு மங்கியதும் அதில் சேர்த்திதான். பழைய நிறத்தோடு பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

உள்ளே வைத்திருக்கும் வேலைப்பாடு தாராளமானது. மேற்கூரையைத் திறந்தால் ஓட்டுநர் இருக்கைகள், கணினித் திரைகள், பணியாளர் உறங்கும் அடுக்குப் படுக்கைகள். பின்னால் காற்றடைப்பு அறையின் கதவுகளைத் திறந்தால் நிலவு ஊர்தி வெளியே வருகிறது. இறங்கும் கால்களை மடக்கி உள்ளே தள்ளலாம். இது பழையதில் இல்லாத வசதி. பொறிப்புகள் எல்லாம் அச்சிடப்பட்டவை, ஒட்டுத்தாள்கள் கிடையாது. கடற்காற்றும் வேர்வையும் கலந்த எங்கள் ஊரில் ஒட்டுத்தாள் எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்தவர்கள் இதன் மதிப்பை உணர்வார்கள். கையில் பிடித்து மாடிப்படியில் ஓடியபோதும் ஒரு துண்டுகூடக் கழன்று விழவில்லை. ஓடியது மகள் மட்டும் அல்ல. பெட்டியில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருந்தாலும், படம் பார்த்துக் கட்டத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இது கடினமல்ல.

நான்கு ஆட்கள் இருக்கிறார்கள். சிவப்பில் இருவர், வெள்ளையில் இருவர். ஒரு சிறு எந்திரனும் உண்டு. மார்பின் சின்னம், புள்ளிக் கண்கள், புன்னகை எதுவும் மாறவில்லை. தலைக்கவசத்தின் தாடைப் பகுதியை மட்டும் தடிப்பாக்கியிருக்கிறார்கள். பழைய தலைக்கவசங்கள் அந்த இடத்தில் உடைவது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம். 2014இல் வந்த லெகோ திரைப்படத்தில் நீல விண்வெளி வீரனின் தலைக்கவசத்தை அந்த விரிசலோடுதான் காட்டினார்கள். என் பழைய சிவப்பு ஆளைப் புதியவன் பக்கத்தில் நிறுத்தினேன். உயரமும் உருவமும் ஒன்றே. 1981இல் வந்தவன், 2022இல் செய்த இருக்கையின் குமிழ்மேல் சத்தம் கேட்கும்படி அழுந்தி உட்கார்ந்தான். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய துண்டு புதிய துண்டைக் கவ்வுகிறது என்பதைப் படித்து அறிந்திருந்தேன். விரலில் உணர்ந்தபோதுதான் அது எவ்வளவு அரிய நேர்மை என்று தெரிந்தது. வேறு எந்தப் பொருளின் உதிரிப்பாகம் அப்படி நாற்பது ஆண்டுகள் பொருந்துகிறது?

இவ்வளவையும் சொன்ன பிறகு என் குறையைச் சொல்கிறேன். பெட்டியில் தரை இல்லை. பழைய தொகுப்பில் இருந்த பள்ளம் விழுந்த நிலவுப் பலகையும், இறங்குதளப் பலகையும், அலைவாங்கி வைத்த கட்டுப்பாட்டு அறையும் புதியதில் விடப்பட்டிருக்கின்றன. துண்டுகள் நான்கு மடங்குக்கு நெருக்கமாகக் கூடியிருந்தும், அவ்வளவும் விண்கலத்துக்கே போய்விட்டன. காட்சிக்கு வைக்கும் பொருளாக இது முழுமையானது. அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர் ஒரு குறையும் காணமாட்டார். ஆனால் விளையாட்டாக எண்ணினால் பாதி போய்விட்டது என்பேன். விண்கலம் எங்கிருந்து கிளம்பியது, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது, எங்கே வந்து இறங்கும் என்பதெல்லாம் அந்த இரண்டு பலகைகளிலும் ஓர் அறையிலும் இருந்தன. அப்பாவின் விரல் போய் நின்ற இடம் புதிய பெட்டியில் இல்லை.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வாரம் சந்திரயான்-3 நிலவை நெருங்கிக்கொண்டிருந்த வாரம். ஜூலை 14ஆம் தேதி பிற்பகல் 2 மணி 35 நிமிடத்துக்கு அது கிளம்பியதை நானும் மகளும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்திருந்தோம். இம்முறை கிளம்பிய எல்.வி.எம்.-3 ராக்கெட் 43.5 மீட்டர் உயரமும் 640 டன் எடையும் கொண்டது. முழக்கம் வந்தபோது சன்னல் கதவுகள் நடுங்கின. இப்போது ஸ்ரீஹரிகோட்டாவிலேயே பொதுமக்கள் பார்க்க அரங்கு இருக்கிறது. முன்பதிவு செய்தால் அருகிலிருந்து பார்க்கலாம். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் மாடியைத்தான் விரும்புகிறார்கள். ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு அதன் இறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்கியபோது தொலைக்காட்சியில் எங்களுக்குக் காட்டப்பட்டது முதலில் நிலவல்ல. பெங்களூர்க் கட்டுப்பாட்டு அறையில் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள். ஒவ்வொரு எண்ணும் திரையில் மாறும்போது அவர்கள் மூச்சை அடக்குவது தெரிந்தது. பாயில் பாதி கட்டியபடி கிடந்த விண்கலத்தைப் பார்த்து மகள் கேட்டாள்: "இதுக்கு இவங்க மாதிரி ஆளுங்க எங்கேப்பா உக்காருவாங்க?"

இந்தத் தொகுப்பில் இரண்டு மாற்று வடிவங்களுக்கான வழிகாட்டியும் உண்டு. அதே 1979 வரிசையில் 918, 924 என்ற எண்களில் வந்த இரண்டு சிறிய விண்கலங்களை இந்தத் துண்டுகளைக் கொண்டே பெரிதாகக் கட்டலாம். ஒன்றைக் கட்ட மற்றொன்றைக் கலைத்தாக வேண்டும். மகள் பள்ளி விடுமுறையில் 918ஐக் கட்டினாள். சின்னதாக, மூக்கு மழுங்கலாக, பார்க்கச் சாதுவான வண்டி. இரண்டு நாளில் அவளே அதைக் கலைத்துப் பெரியதைத் திரும்பக் கட்டினாள். மாற்று வடிவங்களை எதிர்பார்த்து மட்டும் ஒருவர் இதை வாங்க வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். இதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கிடைப்பவை கைமாறி வருபவை. விலை பழைய விலையைவிட ஏறியிருக்கும். பெட்டி மட்டும் ஒத்திருக்கும் போலிகளும் உலவுகின்றன என்பதால், பிரித்த தொகுப்பை வாங்குவதானால் ஒவ்வொரு குமிழின் மேலும் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு வழியும் உண்டு: கட்டும் வழிகாட்டியை நிறுவனம் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது, துண்டுகளைத் தனித்தனியாக விற்கும் பிரிக்லிங்க் போன்ற சந்தைகளிலிருந்து தேவையானவற்றைச் சேர்க்கலாம். மஞ்சள் கண்ணாடியும் அச்சிட்ட துண்டுகளும்தான் விலை கூடியவை. சாம்பலும் நீலமும் எளிதில் கிடைக்கும். வாங்கிய பின் நேர் வெயில் படாத இடத்தில் வைப்பது மிக முக்கியம். இந்த நெகிழி வெயிலில் மெல்ல மஞ்சளாகும். எங்கள் வீட்டுக் கிழக்குச் சன்னலில் பத்தாண்டு கிடந்த பழைய ஊர்தியே அதற்குச் சாட்சி. தூசிக்கு நீர் வேண்டாம். ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகை போதும்.

விண்கலத்தின் மீது எனக்குள்ள மதிப்பு இந்த ஓராண்டில் கூடித்தான் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கையில் எடுக்கிறார்கள். எடுத்தவுடன் மேல்நோக்கிச் சாய்க்கிறார்கள். சென்ற தீபாவளிக்கு வந்த மாமாவும் அப்படித்தான் செய்தார். எண்பது வயதைத் தாண்டிய அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுதானே மாப்ளே அன்னிக்கு நான் விட்டுட்டு வந்தது" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கதவைத் திறந்து ஊர்தியை வெளியே இழுத்தார். மறுபடி உள்ளே விட்டு மூடினார். அரைமணி நேரம் அப்படியே இருந்தார்.

இல்லாத தரையை நாங்களே செய்தோம். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து அரைத்து, வெந்தயமும் சேர்த்து, பாட்டி முறம் மெழுகக் கூழ் செய்த பக்குவத்தில் கூழாக்கி, ஒட்டுப்பலகையின் மேல் பரப்பினோம். மகள் குழிக்கரண்டியின் அடிப்பக்கத்தை அழுத்திப் பள்ளங்கள் வைத்தாள். சிறு பள்ளங்களுக்குப் புளியங்கொட்டை. நிழலில் ஐந்து நாள் காய்ந்தபின் சாம்பல் வண்ணம் அடித்தோம். பலகையின் ஒரு பக்கம் என் பழைய ஊர்தியின் கட்டைகளைக் கொண்டு சிறு அறை ஒன்று எழுந்தது. அதன் கூரையில் ஓர் அலைவாங்கி. உள்ளே ஓர் இருக்கை. புதிய நால்வரில் எவரையாவது அங்கே உட்கார வைக்கலாம் என்றேன். மகள் ஒப்பவில்லை. மார்பில் கோளம் பாதி அழிந்த, தாடை உடைந்த தலைக்கவசம் போட்ட பழைய சிவப்பு ஆளைத்தான் அங்கே வைத்தாள். அலைவாங்கியை அவள் விண்கலத்தின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். விண்கலத்தைத் துடைக்க எடுக்கும்போதெல்லாம் அதே திசையில் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறாள்.